யுத்த காலத்தில் கிரிக்கெட்டைக் காத்த குமாரமங்கலம் ஜமீன்தார்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒகேனக்கல்லில் கால் வைக்க இடம் இருக்காது. உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக் கொண்டு அருவியில் தலை கொடுப்பவர்கள் ஒரு பக்கம். வறுத்த மீன் வாசனையில் மயங்கி நிற்பவர்கள் ஒரு பக்கம். குழந்தை குட்டிகளோடு பரிசலில் ஏறி, பயந்து கொண்டே சிரிப்பவர்கள் இன்னொரு பக்கம். காவிரி பாறையில் மோதிப் புகையாகக் கிளம்புவதால்தான் அந்த ஊருக்கே புகைக்கல் என்று பொருள்படும் பெயர் வந்தது.

அருவிக்குப் போகிற பென்னாகரம் பாதையில் இன்னொரு காட்சியும் கண்ணில் படும். காய்ந்த வயலில் மூன்று குச்சிகளை நட்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடிக் கொண்டிருப்பார்கள். இந்த வறண்ட பூமிக்கும் அந்தச் சீமை ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், பையன்கள் நடராஜன் பெயரைச் சொல்வார்கள். சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் பிறந்து, 2020 டிசம்பரில் ஆஸ்திரேலிய மண்ணில் இந்தியாவுக்காகப் பந்து வீசியவர் அவர்.

ஆனால், அதற்கு 82 வருஷங்களுக்கு முன்பே இதே சீமையைச் சேர்ந்த ஒருவர் இந்தியக் கிரிக்கெட் முழுவதற்கும் தலைவராக உட்கார்ந்தார். டெஸ்ட் பந்தயத்தில் அவர் ஒரு பந்து கூட ஆடியதில்லை. ஆனாலும், உலகமே பற்றி எரிந்த எட்டு வருஷ காலம் அந்த ஆட்டத்தின் நிர்வாகம் அவர் தலைமையில் நடந்தது.

அவர்தான் டாக்டர் பி. சுப்பராயன். குமாரமங்கலம் ஜமீன்தார்.

ஒரே ஜில்லா

அந்தக் காலத்தில் ஒகேனக்கல், சின்னப்பம்பட்டி, குமாரமங்கலம் மூன்றும் சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல். நாமக்கல் பிரிந்தது 1997-ல். ஒகேனக்கல்லில் குதிக்கும் காவிரி, மேட்டூர் வழியாக இறங்கி, பவானியைத் தொட்டு ஈரோட்டுப் பக்கம் போகிறது. அங்கே ஆற்றுக்குக் கிழக்கே திருச்செங்கோடு. அதன் பக்கத்தில் குமாரமங்கலம்.

அந்த ஜமீனின் வாரிசாக 1889 செப்டம்பர் 11-ந் தேதி சுப்பராயன் பிறந்தார். தகப்பனார் பெயர் பரமசிவக் கவுண்டர்.

ஜமீன்தார் பிள்ளைகள் அன்று படிப்பதே அபூர்வம். நிலம் இருக்கிறது, குதிரை இருக்கிறது, படித்து என்ன ஆக வேண்டும் என்பார்கள். சுப்பராயன் அப்படி நினைக்கவில்லை. சென்னையில் ராஜதானிக் கல்லூரியில் படித்தார். பிறகு கப்பல் ஏறி இங்கிலாந்து போய், ஆக்ஸ்போர்டில் வாதம் கல்லூரியில் சேர்ந்தார். அயர்லாந்தின் டப்ளின் சர்வகலாசாலையில் சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று வருவது இதனால்தான். அவர் வைத்தியர் அல்ல, சட்ட நிபுணர்.

ஊர் பேசிய கல்யாணம்

படிப்பை விட ஊரார் அதிகமாகப் பேசியது அவருடைய கல்யாணத்தைப் பற்றித்தான். கொங்கு நாட்டுக் கவுண்டர் ஜமீன்தார், மங்களூரைச் சேர்ந்த சாரஸ்வத பிராமணப் பெண்ணை மணந்தார். மணப்பெண் ராதாபாய். அவருடைய தகப்பனார் குத்முல் ரங்கராவ் சாமானியரல்ல. தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக 1892-லேயே மங்களூரில் பள்ளிக்கூடம் திறந்தவர்.

ஜாதி விட்டு ஜாதி பெண் எடுப்பது இன்றைக்கே வம்பு. நூறு வருஷங்களுக்கு முன்பு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ராதாபாய் வீட்டுக்குள் அடங்கிக் கிடந்தவர் அல்ல. 1930-ல் லண்டனில் நடந்த வட்ட மேஜை மகாநாட்டுக்கு இந்தியப் பெண்கள் சார்பில் சென்றவர்களில் அவரும் ஒருவர். 1938-ல் டில்லி மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தச் சபையில் இடம் பெற்ற முதல் பெண் அவரே. புருஷன் கிரிக்கெட் வாரியத் தலைவரானதும் அதே வருஷத்தில்தான்!

இந்தத் தம்பதிக்கு மூன்று ஆண் பிள்ளைகள், ஒரு பெண். அவர்கள் கதை பின்னால் வருகிறது.

37 வயதில் முதன் மந்திரி

1920-ல் சுப்பராயன் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். 1926-ல் நடந்த தேர்தலில் 98 இடங்களில் 41 இடங்களைச் சுயராஜ்யக் கட்சி பிடித்தது. ஆனால் வெள்ளைக்காரன் கொடுக்கும் மந்திரி பதவி வேண்டாம் என்று அது ஒதுங்கிக் கொண்டது. ஜஸ்டிஸ் கட்சிக்குப் பலம் போதவில்லை. கவர்னர் கோஷன் பிரபு யோசித்தார். எந்தக் கட்சியிலும் சேராத சுப்பராயனைக் கூப்பிட்டு முதன் மந்திரியாக்கினார். அப்போது அவருக்கு வயது 37.

கட்சி இல்லாத முதன் மந்திரி என்றால், கயிற்றின் மேல் நடப்பவர் போலத்தான். 1928-ல் சைமன் கமிஷன் விஷயத்தில் அவருடைய இரண்டு மந்திரிகளும் ராஜினாமா செய்து விட்டார்கள். சுப்பராயன் விலகவில்லை. வேறு இரண்டு பேரைச் சேர்த்துக் கொண்டு தொடர்ந்தார். புதிதாக வந்தவர்களில் ஒருவர் முத்தையா முதலியார். சர்க்கார் உத்தியோகங்களில் எல்லா வகுப்பாருக்கும் பங்கு என்ற வகுப்புவாரி உத்தரவு அவர் கையால் நிறைவேறியது இந்த மந்திரிசபையில்தான். ஆனால் அன்று பலருக்கு சுப்பராயன் மேல் கோபம். கவர்னரின் ஆள் என்று ஏசினார்கள். பதவியில் ஒட்டிக் கொண்டார் என்ற குறை அவர் மேல் உண்டு. அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது.

ஒகேனக்கல்லுக்குக் கீழே மேட்டூரில் பெரிய அணை எழும்பிக் கொண்டிருந்த வருஷங்கள் அவை. வேலை தொடங்கியது 1925-ல், முடிந்தது 1934-ல். தன் சொந்த ஜில்லாவில் 120 அடி உயரத்துக்குத் தண்ணீர் தேக்கும் அணை எழும்பியது. ஆனால் அதைப் பற்றி உத்தரவு போட முதன் மந்திரிக்கு அதிகாரம் கிடையாது! அது இரட்டை ஆட்சிக் காலம். கல்வி, சுகாதாரம், ஸ்தல ஸ்தாபனம் போன்ற இலாகாக்கள்தான் மந்திரிகளிடம் இருந்தன. பணப்பெட்டி, போலீஸ், நீர்ப்பாசனம் எல்லாம் கவர்னரின் நிர்வாக சபையிடம். பட்டம் பெரிது, சாவிக்கொத்து வேறு ஆளிடம் என்ற நிலை.

1930-ல் அந்தப் பதவி போயிற்று.

கோயில் கதவு

அடுத்து அவர் செய்த காரியம் பலருக்கு ஆச்சரியத்தைத் தந்தது. 1932 நவம்பரில், ஹரிஜனங்களைக் கோயிலுக்குள் விட வேண்டும் என்று சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டு வந்தார். குருவாயூர் கோயில் வாசலில் சத்தியாக்கிரகம் நடந்து, நாடே அதைப் பற்றிப் பேசிக் கொண்டிருந்த நேரம். தீர்மானத்தோடு நிற்காமல், கோயில் பிரவேச மசோதா ஒன்றையும் தயார் செய்தார்.

அந்த மசோதாவைச் சபையில் கொண்டு வர வைஸ்ராயின் அனுமதி வேண்டும். 1933 ஜனவரியில் வைஸ்ராய் முடியாது என்று சொல்லி விட்டார். இது ஒரு மாகாணத்தின் விஷயம் அல்ல, இந்தியா முழுவதற்கும் உரியது என்று காரணம் காட்டப்பட்டது.

பின்னர் சுப்பராயன் காங்கிரசில் சேர்ந்தார். 1937-ல் ராஜாஜி முதன் மந்திரியானபோது, சட்டம், கல்வி இரண்டும் சுப்பராயனிடம் வந்தன. அந்த மந்திரிசபைதான் 1937 அக்டோபர் 1-ந் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஹரிஜனங்கள் நுழைந்ததும், அதற்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததும் அதே மந்திரிசபையின் காலத்தில்தான். ஆறு வருஷங்களுக்கு முன் ஒருவர் தனியாகக் கொண்டு வந்து தோற்ற காரியம், அவர் சட்ட மந்திரியாக இருந்தபோது நிறைவேறியது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1938-ல் பள்ளிகளில் ஹிந்தி கட்டாயம் என்று வந்ததும் அதே மந்திரிசபையில்தான். கல்வி மந்திரி இவரே. ஆயிரக்கணக்கானவர்கள் மறியல் செய்து சிறை சென்றார்கள். நடராசன், தாளமுத்து இருவரும் சிறையிலிருந்த காலத்தில் உயிர் விட்டார்கள்.

மரத்தடியில் சாப்பாடு

இனிக் கிரிக்கெட்டுக்கு வருவோம்.

சென்னையில் இந்த ஆட்டத்தைக் கொண்டு வந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1846-ல் அவர்கள் தங்களுக்கென்று ஒரு கிளப் தொடங்கினார்கள். சேப்பாக்கம் மைதானம் அந்தக் கிளப்பின் கையில். இந்தியர்கள் அங்கே ஆட வந்தால் மாளிகைக்குள் இடம் கிடையாது, மரத்தடியில்தான் உட்கார வேண்டும். இதைப் பொறுக்காத புச்சி பாபு நாயுடு, 1888-ல் இந்தியர்களுக்காகச் சென்னை ஐக்கிய கிளப்பை ஏற்படுத்தினார். ஐரோப்பியரும் இந்தியரும் மோதும் மாகாணப் பந்தயம் அவர் கண்ட கனவு. அது பொங்கல் நாட்களில் நடக்கும். பொங்கல் என்றால் கரும்பும் சேப்பாக்கமும் என்று சென்னைவாசிகள் இருந்த காலம் அது.

நாளடைவில் இந்திய கிளப்புகள் பெருகின. அவற்றை ஒரு குடையின் கீழ் கொண்டு வர இந்தியக் கிரிக்கெட் சம்மேளனம் என்ற சங்கம் சென்னையில் எழுந்தது. அதன் ஸ்தாபகத் தலைவர் சுப்பராயன். சட்டசபையில் கட்சி இல்லாமல் காலம் தள்ளிய அனுபவம் இங்கே அவருக்குக் கை கொடுத்திருக்க வேண்டும். சங்கம் நடத்துவதும் மந்திரிசபை நடத்துவது போலத்தான். மனஸ்தாபங்களைத் தீர்க்க வேண்டும். கணக்கு பார்க்க வேண்டும். கோபித்துக் கொண்டு போனவரை அழைத்து வர வேண்டும்.

1934 நவம்பர் 4-ந் தேதி சேப்பாக்கத்தில் ஒரு சரித்திரம் நடந்தது. ரஞ்சி கோப்பையின் முதல் பந்தயம். சென்னைக்கும் மைசூருக்கும் போட்டி. முதல் பந்தை வீசியவர் சென்னையின் எம். ஜே. கோபாலன். ஹாக்கி, கிரிக்கெட் இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடிய வீரர். மைசூர் 48 ரன்னுக்குச் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மறுபடியும் மைசூர் 59-ல் அடங்கியது. ஏ. ஜி. ராம்சிங் மட்டும் 11 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பந்தயம் ஒரே நாளில் முடிந்து விட்டது! மறுநாளுக்கென்று யாராவது டிக்கெட் வாங்கி வைத்திருந்தால் பாவம்.

தெற்கிலிருந்து முதல் தலைவர்

இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 1928 டிசம்பரில் பிறந்தது. முதல் தலைவர் கிராண்ட் கோவன் என்ற டில்லி வெள்ளைக்காரர், தொழிலதிபர். அடுத்து பஞ்சாபின் சிக்கந்தர் ஹயாத் கான். அவருக்குப் பின் போபால் நவாப். அதற்கும் பின் ஜாம்நகர் மகாராஜா திக்விஜயசிங்ஜி. ரஞ்சி கோப்பை யார் பெயரில் நடக்கிறதோ, அந்த ரஞ்சித்சிங்ஜியின் வாரிசு இவர்.

ராஜாக்களின் பணம் இல்லாமல் அன்று கிரிக்கெட் இல்லை. கோப்பை தருபவர் ராஜா. ஆட்டக்காரனுக்கு வேலை தருபவர் ராஜா. அதனால் யார் காப்டன், யார் டீமில் என்பதிலும் ராஜாக்களின் கை இருந்தது. 1936-ல் இங்கிலாந்து போன இந்திய டீமுக்கு விஜயநகரம் மகாராஜகுமார் காப்டன். அங்கே லாலா அமர்நாத் என்ற சிறந்த ஆட்டக்காரர் பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பெரிய ரகளை. விசாரணைக் கமிட்டி கூட வைக்க வேண்டியதாயிற்று.

அந்தப் புகைச்சல் முழுதும் அடங்காத நேரத்தில், 1938-ல், சுப்பராயன் வாரியத் தலைவரானார். தென்னாட்டிலிருந்து அந்த நாற்காலிக்குப் போன முதல் மனிதர். அவரும் ஜமீன்தார்தான். ஆனால் ஓட்டுக் கேட்டுச் சட்டசபைக்குப் போன ஜமீன்தார்.

வாரியத் தலைவர் வேலை இன்று போல் கோடிகள் புரளும் வேலை அல்ல. டெலிவிஷன் கிடையாது. ஆட்டக்காரர்கள் ரயிலில் நாள் கணக்கில் பயணம் செய்து ஆட வேண்டும். வசூல் என்றால் வாசலில் விற்கும் டிக்கெட்தான். ஒவ்வொரு மாகாணச் சங்கத்துக்கும் ஒரு மனசு. அத்தனை பேரையும் அணைத்துப் போவதுதான் தலைவர் வேலை.

யுத்தம் வந்தது

1939-ம் ஆண்டு குளிர்காலத்தில் இங்கிலாந்து டீம் இந்தியா வருவதாக ஏற்பாடாகியிருந்தது. செப்டம்பரில் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. டீம் வரவில்லை.

அக்டோபரில் இன்னொரு மாற்றம். இந்தியரைக் கேட்காமலேயே இந்தியாவை யுத்தத்தில் இழுத்து விட்டதைக் கண்டித்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சுப்பராயனின் மந்திரி பதவியும் போயிற்று. கிரிக்கெட் வாரியத் தலைவர் பதவி மட்டும் அவரிடம் இருந்தது.

யுத்த காலத்தில் ஆட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் கவுண்டிப் பந்தயங்கள் 1940 முதல் 1945 வரை நிறுத்தப்பட்டன. லண்டன் ஓவல் மைதானம், யுத்தக் கைதிகளை அடைக்கும் முகாமாகத் தயார் செய்யப்பட்டது. ஆஸ்திரேலியாவில் ஷெபீல்டு கேடயப் போட்டி ஆறு பருவங்கள் நடக்கவில்லை.

இந்தியாவில் ரஞ்சி கோப்பை ஒரு வருஷம் கூட நிற்கவில்லை.

ரயில்களில் பட்டாளத்துக்கே முதல் இடம். சாமான்களுக்குத் தட்டுப்பாடு. 1942-ல் ஆகஸ்டுப் போராட்டத்தில் நாடு கொந்தளித்தது. இத்தனைக்கும் நடுவில் மகாராஷ்டிரம், பம்பாய், பரோடா, மேற்கு இந்தியா என்று வருஷத்துக்கு ஒருவராகக் கோப்பையைத் தூக்கினார்கள். 1941-ல் இறுதிப் பந்தயம் சென்னையிலேயே நடந்து, சென்னை டீம் மகாராஷ்டிரத்திடம் தோற்றது.

1945 மார்ச்சில் பம்பாயில் நடந்த இறுதிப் பந்தயத்தைப் பற்றி இன்றும் பேசுவார்கள். பம்பாயும் இந்தூர் மகாராஜாவின் ஹோல்கார் டீமும் மோதின. இரு தரப்பும் சேர்ந்து எடுத்தது 2,078 ரன்கள்! ஹோல்கார் தரப்பில் ஆடியவர்களில் ஒருவர் டெனிஸ் காம்ப்டன். இங்கிலாந்தின் மகா வீரர். சிப்பாயாக இந்தியாவுக்கு வந்து, இந்தூர் பக்கத்து ராணுவ முகாமில் இருந்தவர். ஆட்டமிழக்காமல் 249 ரன் குவித்தும் தன் டீமை அவரால் காப்பாற்ற முடியவில்லை. பம்பாய் 374 ரன் வித்தியாசத்தில் வென்றது. அந்தப் பருவத்தில் பம்பாயின் ருசி மோடி ஆயிரம் ரன்னைத் தாண்டினார். ரஞ்சிப் பந்தயங்களில் ஒரே பருவத்தில் அதைச் செய்த முதல் ஆட்டக்காரர் அவர்.

சுப்பராயன் தலைவராக இருந்த காலத்தில் இந்திய மண்ணில் ஒரு டெஸ்ட் பந்தயம் கூட நடக்கவில்லை. 1936-க்குப் பின் இந்தியா அடுத்த டெஸ்ட் ஆடியது 1946-ல், அதுவும் இங்கிலாந்தில். பத்து வருஷம் வெளி உலகத்தோடு டெஸ்ட் இல்லாமல் இருந்த நாடு, அதற்குப் பின் ஆட ஆளில்லாமல் போகவில்லை. மெர்ச்சண்ட், ஹஸாரே, மங்கட், முஷ்டாக் அலி, மோடி என்று ஆட்டக்காரர்கள் தயாராக இருந்தார்கள். அவர்களைப் பழக்கத்தில் வைத்திருந்தவை உள்நாட்டுப் போட்டிகளே.

மதத்துக்கு ஒரு டீம்

அந்த நாளில் ரஞ்சி கோப்பையை விட அதிகக் கூட்டம் கூடியது வேறொரு போட்டிக்கு. பம்பாயில் நடந்த ஐந்து டீம் போட்டி அது. ஹிந்துக்கள் ஒரு டீம். முஸ்லிம்கள் ஒரு டீம். பார்சிகள் ஒரு டீம். ஐரோப்பியர் ஒரு டீம். கிறிஸ்தவர்களும் மற்றவர்களும் சேர்ந்து ஒரு டீம். கிறிஸ்தவரான விஜய் ஹஸாரே அந்தக் கடைசி டீமில்தான் ஆட முடிந்தது.

ஆட்டம் பிரமாதமாக இருக்கும். ஆனால் தெருவில் மதச் சண்டை பெருகி வந்த காலம். 1940 டிசம்பரில் காந்திஜியிடம் யோசனை கேட்கப் போனார்கள். மத வாரியாக டீம் பிரிப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் தெரிவித்தார். உடனே நாடு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பத்திரிகைகள் வாதாடின. கிளப்புகள் வாதாடின. கிரிக்கெட் வாரியத்துக்குள்ளேயும் அபிப்பிராய பேதம்.

இந்தப் போட்டியை நடத்தியது பம்பாயின் மத வாரி ஜிம்கானாக்கள். கூட்டமும் வசூலும் அவர்கள் பக்கம். ஒரு கையெழுத்தில் நிறுத்தி விட வாரியத் தலைவரால் முடியாது. ஆனால் ரஞ்சி கோப்பையில் டீம்கள் ஊர் வாரியாக இருந்தன. சென்னை டீமில் ராம்சிங் என்ற சீக்கியரும் கோபாலனும் தோளோடு தோள் நின்றார்கள். அந்தப் போட்டி நிற்காமல் நடந்தது எத்தனை பெரிய காரியம் என்பது இந்த வழக்கை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஜாதி பாராமல் மணந்து, கோயில் கதவைத் திறக்க மசோதா எழுதியவர் எந்தப் போட்டி வாழ வேண்டும் என்று விரும்பியிருப்பார் என்று ஊகிப்பது கஷ்டமல்ல.

மத வாரிப் போட்டி கடைசியாக நடந்தது 1945-46 பருவத்தில். சுப்பராயன் தலைவர் பதவியை விட்டதும் 1946-ல்தான்.

சிறையில் இரண்டு பிள்ளைகள்

வாரியக் கூட்டங்களில் அவர் உட்கார்ந்திருந்த அந்த வருஷங்களில், அவர் வீட்டு நிலைமை என்ன?

மூத்த மகன் பரமசிவ பிரபாகர் குமாரமங்கலம் ராணுவ அதிகாரி. 1942-ல் வட ஆப்பிரிக்காவில் லிபியா பாலைவனத்தில் வீரமாகப் போரிட்டு விருது பெற்றார். ஆனால் எதிரியிடம் பிடிபட்டார். இத்தாலியிலும் ஜெர்மனியிலும் கைதியாக இருந்தார்.

இன்னொரு மகன் மோகன் குமாரமங்கலம், கேம்பிரிட்ஜில் படித்து விட்டுக் கம்யூனிஸ்டாகத் திரும்பி வந்தவர். 1941-ல் சென்னைச் சதி வழக்கில் அவருக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் தண்டனை விதித்தது. ஒரு மகன் பிரிட்டிஷாருக்காகப் போரிட்டு எதிரியின் சிறையில். ஒரு மகன் பிரிட்டிஷாரை எதிர்த்து அவர்கள் சிறையில்!

மகள் பார்வதியும் ஆக்ஸ்போர்டில் படித்து, கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தார். இன்னொரு மகன் கோபால் தொழில் நிர்வாகத் துறைக்குப் போனார்.

யுத்தம் முடிந்து மூத்த மகன் விடுதலையானார். அதே 1945-ம் ஆண்டுக் கடைசியில், ஊர் திரும்பும் வழியில் ஆஸ்திரேலியப் படைவீரர்களின் கிரிக்கெட் டீம் இந்தியா வந்தது. ஹாசெட் காப்டன். கீத் மில்லரும் கூட வந்தார். டிசம்பரில் சேப்பாக்கத்தில் நடந்த பந்தயத்தில் ருசி மோடி 203 ரன் அடித்தார். இந்தியா ஆறு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. இது டெஸ்ட் பந்தயம் என்று கணக்கில் ஏறவில்லை. ஆனாலும் பல வருஷங்களாக வெளிநாட்டு டீமைக் காணாமல் ஏங்கிய ரசிகர்களுக்கு அது திருவிழாதான்.

போலீஸ் மந்திரி வீடு

1947-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் மந்திரிசபையில் சுப்பராயன் உள்துறை மந்திரியானார். போலீஸ் இலாகா அவரிடம். அந்த சர்க்கார் கம்யூனிஸ்டுகள் மேல் கடும் நடவடிக்கை எடுத்தது. மந்திரியின் மகனும் மகளும் அதே கட்சியில். அவர்கள் பெற்றோர் என்பதற்காகச் சட்டத்தை வளைக்கவில்லை. பிள்ளைகளும் அப்பா என்பதற்காகக் கொள்கையை மாற்றவில்லை.

பிறகு அரசியல் நிர்ணய சபை. 1949 முதல் 1951 வரை இந்தோனேஷியாவில் இந்தியத் தூதர்.

1952 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றது. இங்கிலாந்து இன்னிங்சாலும் 8 ரன்னாலும் தோற்றது. வினூ மங்கட் 12 விக்கெட் எடுத்தார். யுத்த வருஷங்களின் உள்நாட்டுப் பந்தயங்களில் உரம் பெற்றவர்களில் மங்கட்டும் ஒருவர். ஒரு காலத்தில் இந்தியர்களை மரத்தடியில் உட்கார வைத்த அதே மைதானம்! அதைக் காணும் வரை சுப்பராயன் உயிரோடு இருந்தார்.

1955-ல் ஆட்சி மொழிக் கமிஷனில் அவர் ஓர் அங்கத்தினர். ஹிந்தியை அவசரமாகக் கொண்டு வருவது ஹிந்தி பேசாத மக்களுக்கு அநீதி என்ற கருத்தில், வங்காளத்து மொழி அறிஞர் சுனிதி குமார் சட்டர்ஜியும் இவரும் தனித்தனியே ஆட்சேபக் குறிப்பு எழுதினார்கள். 1938-ல் கல்வி மந்திரியாக இருந்தவரா இவர் என்று வியந்தவர்கள் உண்டு. அனுபவம் மனிதனை மாற்றும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1957 தேர்தலில் திருச்செங்கோடு தொகுதியில் நின்று பார்லிமெண்டுக்குப் போனார், காங்கிரஸ் அங்கத்தினராக. அதே சபைக்குக் கோயமுத்தூரிலிருந்து கம்யூனிஸ்டு அங்கத்தினராக வந்தவர் யார் தெரியுமா? அவர் மகள் பார்வதி கிருஷ்ணன்! அதற்கு முன் ராஜ்ய சபையிலும் இருவரும் ஒரே காலத்தில் இருந்தவர்கள். 1959-ல் அப்பா போக்குவரத்து, தபால் தந்தி மந்திரியானார். மகள் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

ராதாபாய் 1960-ல் காலமானார். 1962 ஏப்ரலில் சுப்பராயன் மகாராஷ்டிர கவர்னராகப் பம்பாய் சென்றார். ஆனால் அந்த மாளிகையில் அதிக நாள் இருக்கவில்லை. அதே வருஷம் அக்டோபர் 6-ந் தேதி தமது 73-வது வயதில் கண்ணை மூடினார்.

கைதியாக இருந்த மூத்த மகன் 1966-ல் இந்தியத் தரைப்படையின் பிரதம தளபதியானார். மோகன் குமாரமங்கலம் இந்திரா காந்தியின் மந்திரிசபையில் எஃகு, சுரங்க மந்திரியாக இருந்தபோது, 1973-ல் டில்லி அருகே விமான விபத்தில் இறந்தார். மோகனின் மகன் ரங்கராஜன் குமாரமங்கலம் பார்லிமெண்டுக்கு முதலில் நின்ற தொகுதி சேலம். 1984-ல் அங்கே ஜெயித்தார்.